மடியில் ஓர் உயிர் – 6: எட்டாம் மாதத்தின் மேல் ஒரு பழி

"ஏழாம் மாசப் புள்ள தங்கிடும், எட்டாம் மாசப் புள்ளதான் தங்காது." ஒரத்தநாட்டிலிருந்து திருவையாறு வரை எந்த வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். நம் அப்பத்தாக்கள் மட்டும் சொன்னதல்ல இது. கிரேக்கத்தில் ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் ஒன்று எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே எழுதப்பட்டது. அங்கும் இதே பழிதான்.

நடப்பது நேர்மாறு. வயிற்றுக்குள் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். பிறகு இந்த நம்பிக்கை எப்படி வந்தது? ஸ்கேன் இல்லாத காலத்துக் கணக்கு கல்யாண நாளிலிருந்து தொடங்கியது. கல்யாணமான ஏழாம் மாதத்தில் மூன்று கிலோ எடையோடு பிறந்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம். அதைக் கிளற வேண்டாம்.

மருத்துவர்கள் மாதத்தை விட்டு வாரத்தில் பேசுவதற்குக் காரணம் நுரையீரல். அதன் காற்றுப் பைகளின் உட்புறத்தில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பூச்சு இருக்கிறது. அது இல்லையென்றால், மூச்சை வெளியே விட்டதும் பைகள் நனைந்த பாலிதீன் உறைபோல ஒட்டிக்கொள்ளும். பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் அவற்றைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். விலா உள்ளிழுக்கும், முனகும், சில மணி நேரத்தில் களைத்துவிடும். 24 வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கும் இந்தப் பூச்சு, போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகிறது. இதன் குறைவுதான் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று 1959-இல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி. நான்கு வருடம் கழித்து, 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. இன்று அதே எடையில் பிறக்கும் பிள்ளைகள் நம் அரசு மருத்துவமனைகளிலிருந்து நல்லபடியாக வீடு போகின்றன.

மாற்றத்துக்கு வழி காட்டியவை செம்மறி ஆடுகள். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்து ஆராய்ந்தபோது, பிழைக்கவே கூடாத அளவுக்குச் சீக்கிரம் பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஹோவி என்பவரோடு சேர்ந்து கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்து 1972-இல் முடிவை வெளியிட்டார். நம் ஊரில் இப்போது டெக்சாமெத்தசோன்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தரம், நான்கு ஊசி. விலை மிகக் குறைவு. இந்தியாவும் பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வு ஒன்றும், இந்த ஊசி பச்சிளம் குழந்தை மரணத்தைக் குறைக்கிறது என்று 2020-இல் உறுதி செய்தது. ஆனால் நல்ல பலன் கிடைக்க, முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது வேண்டும்.

அந்த ஒரு நாளைத்தான் நாம் வீட்டில் தொலைக்கிறோம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். பாபநாசத்தில் பதிந்த கர்ப்பிணி பட்டுக்கோட்டைப் பக்கம் போய்ச் சேர்கிறாள். செவிலியர் மாறுகிறார், கர்ப்பப் பரிசோதனை அட்டை மாமியார் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. இடுப்பு வலித்தால் "சூட்டு வலி" என்று சீரகத் தண்ணீர், நீர் கசிந்தால் "விடியட்டும்". பனிக்குடம் உடைந்த நேரத்திலிருந்து கிருமிக்குக் கதவு திறந்தாயிற்று.

முன்கூட்டியே வலி வர என்ன காரணம்? பல பிரசவங்களில் காரணம் பிடிபடுவதே இல்லை. பிடிபடுபவற்றில் சிறுநீர்த் தொற்று, ரத்தக்கொதிப்பு, இரட்டைப் பிள்ளை, அடுத்தடுத்த கர்ப்பம் முக்கியமானவை. ரத்தசோகையும் சேரும்: தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சோறு விளையும் சீமையில் சோறுதான் தட்டை நிரப்புகிறது. கீரையும் மீனும் ஓரத்தில். வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்களுக்குக் கொக்கிப்புழு வேறு. பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்தின் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து போகிறது. முன்னால் பிறந்தது பாதிப் பையோடு வருகிறது. வெயிலையும் மறக்கக்கூடாது. கடும் வெப்பத்தில் வேலை பார்க்கும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆபத்து இரு மடங்கு என்று, தமிழகத்தில் 800 பேரிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்திய ஆய்வு சொன்னது. ஜூனில் குறுவை நடவுக்குக் குனியும் பெண்ணுக்கு நிழலும் தண்ணீரும் கூலியோடு சேர்ந்த கடன்.

பிறந்த பிறகு முதல் எதிரி குளிர். தோலுக்கடியில் கொழுப்பில்லாத ஒன்றரைக் கிலோ உடம்பு தஞ்சாவூர் வெயில் காலத்திலும் சில்லிட்டுப்போகும். அம்மாவின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறையைப் பிறந்த உடனேயே தொடங்கியபோது, 28 நாளுக்குள் இறந்த பிள்ளைகள் நூற்றுக்கு 15.7-லிருந்து 12-ஆகக் குறைந்ததை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆய்வு காட்டியது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவசரப்படும் பாட்டிகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அடுத்தது குடல். 34 வாரத்துக்கு முன் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று சேராது. அதனால் முதலில் குழாய், பிறகு பாலாடை என்ற மூக்கு வைத்த சிறு கிண்ணம். பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஏந்தி, அதன் மூக்கைப் பிள்ளையின் கீழுதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகே அடுத்த சொட்டு. சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் அந்தக் குடலுக்குத் தாங்காது.

கடைசியாகக் கண். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாகப் படரும் முன்பே வெளியே வந்த பிள்ளைக்கு, உயிர் காக்கும் ஆக்சிஜனே மிகுந்தால் பார்வையைப் பறிக்கும். 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, பார்வை போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. கண் திரும்பவில்லை.

ஆகவே, 34 வாரத்துக்கு முன் வலியோ நீர்க்கசிவோ தெரிந்தால், அட்டையை எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்; பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தஞ்சை ராசா மிராசுதார் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்காமல் வீட்டுக்குப் புறப்படாதீர்கள்.

(தொடரும்)