எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு பல் குழி

பல் பிடுங்குவது என்று பேச்சு வழக்கில் எளிதாகச் சொல்லப்படுவது உண்மையில் ஓர் அறுவை சிகிச்சை. அதன் முற்பாதி மருத்துவரின் நாற்காலியில் நடக்கிறது. பிற்பாதி நோயாளியின் வீட்டில், அவருடைய சொந்தக் கண்காணிப்பில் நடக்கிறது. இரத்தம் கசிந்தாலும் வலி கூடினாலும் அடுத்த தெருவிலேயே மருத்துவமனை இருப்பதால் நகரத்தில் வாழ்பவர்கள் இந்தப் பிற்பாதியை மறந்துவிட முடியும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அந்த மறதிக்கு இடமில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் சோளக்காட்டையும் செம்மேட்டையும் அடைய முடியும். அங்கிருந்தும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என 'நாடு'களாகப் பிரிந்து கிடக்கும் சிற்றூர்களுக்கு மேலும் பயணம் செய்ய வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் இவ்வூர்களிலிருந்து ஒருவர் சிக்கலான பல் அறுவைக்காக நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ, பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்கும் திருச்செங்கோட்டுப் பக்கமோ இறங்கினால், மாலையில் ஆறாத புண்ணோடு அதே வளைவுகளில் ஏறித் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே தம் வாய்க்குள் என்ன நடந்தது என்பதை மற்ற எவரையும்விட அவரே நன்கு அறிந்திருக்க வேண்டும்.

பல், எலும்போடு ஒட்டி வளர்ந்த ஒன்றன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள மெல்லிய நார்த்திசு அதைத் தொட்டில்போலத் தாங்கி நிற்கிறது. மருத்துவர் நெம்பியையும் குறடையும் கொண்டு அந்த நார்களை அறுத்து, எலும்புக் குழியைச் சிறிது சிறிதாக விரித்த பிறகே பல் வெளிவருகிறது. பலரும் எண்ணுவதுபோல் அது வெறும் இழுப்பு அன்று. மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்தாகப் பெரும்பாலும் பயன்படுவது, சுவீடன் நாட்டு வேதியியலாளர் நீல்ஸ் லோஃப்கிரேன் 1943இல் உருவாக்கிய லிக்னோகெயின். இது வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளை எளிதில் அடக்கிவிடுகிறது. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகளை அந்த அளவுக்கு அடக்குவதில்லை. அதனால் அழுத்தமும் 'மடக்' என்ற ஒலியும் தெரியும், ஆனால் கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையை உயர்த்திச் சொல்வது நோயாளியின் உரிமை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் பெருமை ஏதுமில்லை. சீழ் கோத்த இடத்தில் திசுக்கள் அமிலத் தன்மை அடைவதால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு. சில வேளைகளில் மருத்துவர் முதலில் சீழை வடித்துவிட்டுப் பல்லை எடுக்க வேறொரு நாளைக் குறிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஊசி மருந்தோடு, 80,000 பங்குக்கு ஒரு பங்கு என்ற மிகச் சிறிய அளவில், அட்ரினலினும் கலக்கப்படுவது வழக்கம். இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நெடுநேரம் நிறுத்துவது அதன் பணி. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்குப் போடும் ஊசி, கர்ப்பம் ஆகிய எதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் உண்பவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று அதைத் தாமாகவே நிறுத்திவிடுவது பெரும் தவறு. சாதாரணமாக ஒரு பல்லை எடுப்பதற்கு அதை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்துவதால் நேரக்கூடிய மாரடைப்பு, பல் குழியின் கசிவைவிடப் பன்மடங்கு கொடியது.

கடைசிக் கடைவாய்ப் பல்லான ஞானப்பல் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருக்கும்போது வேலை கடினமாகிறது. ஈறைக் கீறித் திறந்து, சிறிது எலும்பைக் குடைந்து நீக்கி, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக்கி எடுத்துத் தையல் போட வேண்டும். கீழ்த்தாடையில் அதன் வேருக்கு அருகே உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுவதால், இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் பெரிய எக்ஸ்ரேவை எடுத்துப் பார்க்காமல் இதில் இறங்குவது முறையன்று. சாதாரணத் தையலைப் பிரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் வர வேண்டும். மலையிலிருந்து வருபவர் தானே கரைந்துவிடும் தையலைக் கேட்டுப் பெற்றால் கூலி இழப்போடு கூடிய ஒரு நாள் பயணம் மிச்சமாகும். கேட்டால் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கருவிகளின் தூய்மை குறித்தும் கேட்க வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மீலியாய்டோசிஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று மூளையைத் தாக்கி, அவர்களுள் 8 பேர் உயிரிழந்தனர். ஈறை விலக்கும் கருவியால் உப்புநீர்ப் பாட்டிலைத் திறந்து, பஞ்சால் மூடி வைத்து, மிச்ச நீரை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதாக 2025இல் செய்திகள் வெளிவந்தன. நுண்ணுயிர் நீக்கிய கருவி உறையைத் தம் கண்முன் பிரிக்கும்படியும், புதிய பாட்டிலைத் திறக்கும்படியும் கேட்கும் நோயாளி மருத்துவரை அவமதிப்பதில்லை.

பல் வெளிவந்தவுடன் குழியில் நிறையும் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. இந்த உறைகட்டிதான் புண்ணின் மேல்மூடி. புதிய திசு வளர்வதும் இதன்மேல்தான். பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுந்தக் கடிப்பது, முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காமலும் காறித் துப்பாமலும் உறிஞ்சிக் குடிக்காமலும் இருப்பது, பீடியையும் வெற்றிலை பாக்கு புகையிலையையும் தவிர்ப்பது ஆகிய அறிவுரைகள் யாவும் இந்தக் கட்டியைக் காப்பதற்கே. எனவே மலைக்குத் திரும்புபவர் காலையிலேயே சிகிச்சையை முடித்து, கசிவு நின்றதை மருத்துவரிடம் காட்டிய பிறகே பேருந்து ஏற வேண்டும். வீட்டில் மீண்டும் கசிந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான துணியை மடித்துக் குழியின்மேல் வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் அரை மணி நேரம் கடிக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தபின் வெதுவெதுப்பான உப்புநீரால் மென்மையாகக் கொப்பளிக்கலாம்.

மூலிகைக்குப் பெயர்பெற்ற மலையில் கைவைத்தியத்தைப் புறந்தள்ளிப் பேசுவது பொருத்தமாகாது. கிராம்பில் உள்ள யூஜினால் பல் மருத்துவரின் மேசையிலும் உண்டு. ஆனால் அது வலியை ஆற்றுமே தவிர வேரடிச் சீழை அகற்றாது. கன்னத்து வீக்கத்துக்கு வெளியிலிருந்து சூடு ஒத்தடம் கொடுப்பதும், வலிமாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் தீங்கையே தரும்.

பல் எடுத்த மூன்றாம் நாளையொட்டி, குறையத் தொடங்கிய வலி திடீரெனக் கூடிக் காது வரை பாய்ந்து, வாயில் நாற்றமும் எழுந்தால், உறைகட்டி கழன்று எலும்பு வெளித்தெரியும் 'உலர் குழி' உண்டாகியிருக்கலாம். குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி விரைவில் தணியும். இது துன்பம் தருவது, உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் தாடைக்குக் கீழே இரு புறமும் கெட்டியான வீக்கம் பரவி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமும் காய்ச்சலும் சேர்ந்தால், அது ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்த, மூச்சுப் பாதையை அடைத்துக் கொல்லக்கூடிய தொற்றாக இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திராமல், இரவாயினும் 108ஐ அழைத்து மருத்துவமனையை அடைய வேண்டும்.

அறுவை தேவைப்படாத நிலையிலும் ஒரு சோதனையை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே செய்து பார்க்கலாம். மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாமல் போனால், கன்னத்தின் உட்தோல் இறுகும் நோய் தொடங்கியிருக்கக்கூடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் 1952இல் விவரிக்கப்பட்ட இந்நோய்க்குப் பாக்கு மெல்லுதலே முதன்மைக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே. இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடிவாரத்திலும் நகரங்களிலும் பணிபுரியும் பல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சீட்டில் மருந்தின் பெயரை எழுதுமுன் நோயாளியின் ஊர் எதுவென்று கேளுங்கள். மலை என்றால், கரையும் தையலைப் போட்டு, கூடுதலாகக் கொஞ்சம் பஞ்சும் கொடுத்து, மூன்றாம் நாள் வலி வந்தால் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.