குடும்பம் வளர்ந்தால் வீடும் வளருமா?

மும்பையில் பெண் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "ரூம் எத்தனை அடி?" என்பதுதான்.

"பத்துக்குப் பன்னிரண்டு" என்று பதில் வந்தால் தலையை ஆட்டுவார்கள். "பத்துக்குப் பத்து" என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். "பரண் உண்டு" என்று சொல்லிவிட்டால் மறுபடியும் முகம் மலரும்!

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். முற்றம், திண்ணை, புழக்கடை என்று பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் இந்த நகரில் ஒரு பரண் என்பது ஒரு பிள்ளையின் கல்யாணம். அது இல்லாததால் தள்ளிப்போன கல்யாணங்கள் எத்தனையோ உண்டு.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. திருநெல்வேலி பக்கத்திலிருந்து வந்தவர்கள். குடும்பத் தலைவர் ஒரு தோல் கிட்டங்கியில் வேலை பார்த்தார். இப்போது அவர் இல்லை. அந்த அம்மாளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர்கள் குடியிருக்கும் வீடு 55 ஆண்டுகளாக வளர்ந்து கொண்டே வந்திருக்கிறது. இதற்காக எந்த என்ஜினீயரும் படம் போட்டுக் கொடுக்கவில்லை.

தகரத்தில் தொடங்கியது

1971-ல் அவர்கள் வாங்கியது பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். நான்கு பக்கமும் மூங்கில் தட்டி. மேலே பத்ரா. தகரத்தை இங்கே எல்லோரும் பத்ரா என்றுதான் சொல்கிறோம். மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு மோரி. அவ்வளவுதான்.

மூத்தவள் பெண். அடுத்து இரண்டும் பையன்கள். 1979-ல் தட்டியைப் பிரித்துவிட்டு நாலரை அங்குலச் செங்கல் சுவர் வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் படிக்க இடம் இல்லை. 1985-ல் பரண் வந்தது. இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல் பலகை. ஏறுவதற்குச் சாய்த்து வைக்கும் மர ஏணி. இரவில் பையன்கள் மேலே, பெண்ணும் தாயும் கீழே, தகப்பனார் வாசலில். மழைக்காலத்தில் தகப்பனாரும் உள்ளே வந்துவிடுவார்.

பெண்ணுக்குத் திருமணம் ஆகி அவள் புனேவுக்குப் போனாள். பிறகு மூத்த பையனுக்குப் பெண் பார்த்தார்கள். அப்போதுதான் பரண், மாடி ஆனது.

குடிசைப் பகுதிகளில் வீட்டின் உயரம் 14 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது மாநகராட்சியின் வரம்பு. பதினாலு அடியை இரண்டாகப் பிரித்தால் கீழே ஏழு, நடுத்தளத்தின் கனம் போக மேலே ஆறரை. நெட்டையான ஆள் கையைத் தூக்கினால் மின்விசிறியில் இடிக்கும். ஆனாலும் 120 சதுர அடி, 240 சதுர அடி ஆகிவிட்டது அல்லவா?

நாலரை அங்குலச் சுவர் மாடியின் பாரத்தைத் தாங்காது. எனவே மிஸ்திரி நான்கு மூலையிலும் இரும்புத் தூண் நிறுத்தி, குறுக்கே 'ஐ' வடிவ உத்திரம் போட்டு, அதன்மேல் லாதிக் கல் பரப்பிக் காரை போட்டார். சுவர் வெறும் மறைப்பு. பாரம் முழுவதும் இரும்பில். மும்பையின் சிறிய வீடுகள் பலவும் இப்படித்தான் நிற்கின்றன.

ஏணி எங்கே?

இந்த இடத்தில் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்ததாம். ஏணியை வீட்டுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா?

உள்ளே வைத்தால் பத்தடி அறையில் மூன்றடி போய்விடும். மாடிக்குப் போகிறவர்கள் கீழே படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அது சங்கடம். வெளியே வைத்தால் சந்தில் நடமாட்டத்துக்கு இடைஞ்சல். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதோடு, "வெளி ஏணி போட்டால் குடும்பம் இரண்டாகிவிடும்" என்று தகப்பனார் பயந்தார்.

கடைசியில் அந்த அம்மாள் சொன்னபடி வெளியே இரும்பு ஏணி வந்தது. "ஒரே அடுப்பு இருக்கும்வரை ஒரே வீடுதான். ஏணி எங்கே இருந்தால் என்ன?" என்று சொல்லிவிட்டாராம்.

அவர் சொன்னது கட்டடக் கலை படித்தவர்களும் ஒப்புக்கொள்ளும் விஷயம். சிறிய வீட்டில் படிக்கட்டு வைக்கும் இடம்தான் அந்த வீட்டின் எதிர்காலத்தையே தீர்மானிக்கிறது. படி வெளியே இருந்தால் மாடியை மகனுக்குக் கொடுக்கலாம். கஷ்டகாலத்தில் வாடகைக்கு விடலாம். பிறகு திரும்ப எடுத்துக் கொள்ளலாம். உள்ளே இருந்தால் இதில் எதுவும் முடியாது.

ஆனால் இன்னொரு விஷயத்தில் அவர்கள் ஏமாந்து போனார்கள். மாடியில் மோரியை ஜன்னல் ஓரமாக, கீழ் மோரிக்கு நேர் எதிர் மூலையில் வைத்துவிட்டார்கள். காற்றோட்டம் கிடைக்கும் என்று நினைப்பு. ஒரே மழைக்காலத்தில் லாதியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே தொட்டில் கட்டிய இடத்தில் சொட்டியது! மறுபடியும் உடைத்து, கீழ் மோரிக்கு நேர் மேலே மாற்றினார்கள். செலவு இரட்டிப்பு. தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே மூலையில் மேலிருந்து கீழே நேராக இறங்க வேண்டும் என்பதை அந்தக் குடும்பம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நிபுணர்கள் போட்ட கணக்கு

வீட்டை முழுதாகக் கட்டிக் கொடுக்காமல் வளரும்படி கட்டிக் கொடுத்தால் என்ன என்று யோசித்த கட்டடக் கலைஞர்களும் நம் நாட்டில் உண்டு. அதில் ஒன்றைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். நவி மும்பை பேலாப்பூரில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சார்லஸ் கொரியா 1980-களின் நடுவில் சிட்கோ நிறுவனத்துக்காக அமைத்தது.

ஏழு வீடுகளுக்கு நடுவே ஒரு சிறு முற்றம். அப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால், 21 வீடுகளுக்கு ஒரு பெரிய முற்றம். இப்படியே பெருகிக்கொண்டு போகும். மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 சதுர மீட்டர் வரை. அதாவது சுமார் 485 சதுர அடியிலிருந்து 805 சதுர அடி. ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே மனையில் இரு மடங்கு வித்தியாசம்கூடக் கிடையாது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது சுவர்க் கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் சுவர் தனித்தனி. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. ஏன்? பொதுச்சுவர் இருந்தால் நீங்கள் மாடி எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அவர் வீடு விரிசல் விட்டால் வழக்கு. தனிச்சுவர் என்றால் அவரவர் இஷ்டத்துக்கு, அவரவர் கையில் பணம் சேரும்போது வளர்த்துக் கொள்ளலாம். செங்கல், ஓடு, மரம் என்று சாதாரண கொத்தனார் வேலை செய்யக்கூடிய பொருள்களையே அவர் பயன்படுத்தினார்.

இன்று அங்கே போனால் பழைய ஓட்டு வீடுகள் கொஞ்சம்தான் கண்ணில் படும். பல வீடுகளை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் இரண்டு மாடி, மூன்று மாடி எடுத்துவிட்டார்கள். "கொரியாவின் திட்டம் தோற்றுவிட்டது" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முற்றங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வசதி குறைந்தவர்களுக்கென்று நினைத்துப் போட்ட இடத்தில் வசதி வந்து குடியேறிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே ஆரண்யா என்ற நகர். பாலகிருஷ்ண தோஷி திட்டமிட்டது. 1989-ல் உருவான இதில் சுமார் 6,500 குடும்பங்களுக்கு இடம். மிகவும் ஏழைகளுக்கு 35 சதுர மீட்டர் மனை. அதில் அஸ்திவார மேடை, கழிவறை, தண்ணீர் வசதி, ஓர் அறை. மீதியை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்டுவதற்கு 80 மாதிரி வீடுகளை தோஷி கட்டிக் காட்டினார். இந்தத் திட்டத்துக்கு 1995-ல் ஆகாகான் விருது கிடைத்தது. கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர், 2018-ல் தோஷிக்கு வந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

கவனித்தீர்களா? சர்க்கார் கொடுத்தது மனையும், மேடையும், குழாயும். ஏழையால் தனியாகச் செய்து கொள்ள முடியாதவை இவைதான். சுவரையும் கூரையையும் அவன் எப்படியோ எழுப்பிவிடுவான்.

கம்பி துருத்தும் வீடுகள்

நம் ஊரில் இதற்கு வேறு ஒரு வழக்கம் உண்டு. மொட்டை மாடியில் தூண்களின் கம்பிகள் ஆகாயத்தைப் பார்த்து நின்று கொண்டிருக்கும். "பையன் சம்பாதித்து மேலே எடுப்பான்" என்ற நம்பிக்கை! பையன் சென்னைக்கோ மும்பைக்கோ போய்விடுவான். கம்பி துருப்பிடிக்கும், துரு உள்ளே இறங்கித் தூணையே வெடிக்க வைக்கும். மேலே எடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கம்பிகளை மட்டமான கான்கிரீட்டில் பொதிந்து வைக்க வேண்டும். தேவைப்படும்போது கொத்தி எடுத்துக் கொள்ளலாம். அதேபோல், நாளைக்குக் கதவு வேண்டியிருக்கும் என்று தெரிந்த சுவரில், இன்றைக்கே மேலே ஒரு லிண்டல் போட்டுவிட்டால், பிறகு செங்கலை மட்டும் எடுத்தால் போதும்.

ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த யோசனை எதுவும் பயன்படாது. மாடி எடுக்க மேலே இடம் கிடையாது. பக்கவாட்டில் அடுத்தவர் வீடு. மும்பையின் குடிசை மாற்றுத் திட்டத்தில் கொடுக்கும் இலவச வீடு முதலில் 225 சதுர அடியாக இருந்தது. பிறகு 269 ஆகி, இப்போது 300 சதுர அடி. சட்டம் வளர்ந்திருக்கிறது. ஆனால் 225 அடியில் குடியேறியவரின் வீடு 225-லேயே நிற்கிறது. அவருக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

இனி அந்த அம்மாளின் வீட்டுக்கு வருவோம்.

இப்போது மூத்த மகன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாள் ஆகியோர் கீழே. இளைய மகன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மேலே. மொத்தம் ஒன்பது பேர். அடுப்பு இன்னும் ஒன்றுதான். மதினியும் கொழுந்தன் மனைவியும் முறை வைத்துச் சமைக்கிறார்கள்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் குடியிருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, தவணையில் பணம் கட்டிச் சொந்தமாக்கிக் கொள்ளும் வீடு.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடும்பம் வெளியே வைத்த இரும்பு ஏணி, இன்று இரண்டு பிள்ளைகளையும் இரண்டு ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது.

மூத்தவர், "350 அடியில் எல்லோரும் ஒன்றாக இருந்துவிடலாம்" என்கிறார். இளையவர் வாய் திறக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவருக்கு வேலையும் பக்கத்துச் சந்தில் ஒரு தையல் பட்டறையில்தான். வெளியே என்றால் எங்கே, எவ்வளவு தூரம் என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

நான் போயிருந்த அன்று ஒரு காகிதத்தில் 350 சதுர அடி வீட்டின் படத்தை, எனக்குத் தெரிந்த அளவில் வரைந்து காட்டினேன். இது கூடம், இது படுக்கை அறை, இது சமையல் கட்டு, உள்ளேயே கழிவறை. மூத்த மருமகள் கழிவறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தாராவியில் அதிகாலையில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீளம், அகலம் எல்லாம் போட்டிருக்கீங்க தம்பி" என்றார். "உசரம் எவ்வளவு?"

சாதாரணமாக அடுக்கு மாடிகளில் ஒன்பதடி, ஒன்பதரை அடி இருக்கும் என்று சொன்னேன்.

அம்மாள் விரல்விட்டு ஏதோ எண்ணினார். பிறகு இளைய மகனைத் திரும்பிப் பார்த்து, "பரண் போட முடியாதுடா" என்றார்.