உப்பின் கதை – 7: கல்லுப்பும் ஒரு சொட்டு நீலமும்

சென்ற வாரம் கதையை இமயமலை அடிவாரத்துக் காங்கிராப் பள்ளத்தாக்கில் நிறுத்தியிருந்தேன். 1956இல் தொடங்கிய சோதனையில், மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியின் குழுவினர் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் மற்ற இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் கொடுத்தார்கள். அயோடின் போன இடத்தில் கழுத்துக் கழலை குறைந்தது. வெறும் உப்பு போன இடத்தில் குறையவில்லை. அங்கே யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோய் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடிப் பக்கம் கதை வேறு. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் மிகக் குறைவாக இருந்ததும் இங்கேதான்: 61.9 சதவீதம். நாட்டின் சராசரி 76.3. அளத்து உப்பு மூட்டையிலிருந்து படிக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும்போது பாக்கெட்டை யார் தேடுவார்கள்?

"கடல்ல இருந்து வர்றதுதானே, அதுல இல்லாத அயோடினா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, தப்பான கணக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அயோடினோ ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். அது முழுவதும் உப்போடு ஒட்டிக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம் (ஒட்டாது, பெரும்பகுதி எஞ்சிய நீரோடு போய்விடும்). அப்போதும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் தேறும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 வேண்டும், கர்ப்பிணிக்கு 250. கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்பது விதி. அதே 10 கிராமில் 150 வந்துவிடுகிறது. (மருத்துவர்கள் உப்பையே குறைக்கச் சொல்கிறார்கள், 10 கிராம் கணக்குக்காக மட்டும்.)

அயோடின் உப்புப் பிரசாரம் சறுக்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். வீங்கிய கழுத்தின் படத்தைச் சுவரில் ஒட்டினால், கடலோரத்துப் பெண் தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, "நமக்கில்லை" என்று நடையைக் கட்டுவாள். அயோடின் குறைவால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியில் ஏற்படும் இழப்புக்குப் படம் கிடையாது. நாலு பாடத்தில் ஒன்று ஏறாத பையனை மக்கு என்பார்களே தவிர, உப்பை யார் சந்தேகிப்பார்கள்?

அந்தப் படத்தைக் கொஞ்சமாவது வரைந்துகாட்டியது சிறு சோதனைக் குப்பி. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைத் தாளில் மடித்துப் பள்ளிக்குக் கொண்டுவருவார்கள். அதன்மேல் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலம் பூக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரியின் உப்பு நீலமாகித் தன்னுடையது வெள்ளையாகவே கிடந்தால், அந்தச் சிறுமி வீட்டுக்குப் போய் அம்மாவைச் சும்மா விடுவாளா? சுவரொட்டியால் முடியாத வேலை அது. ஆனால் நீலத்தின் அழுத்தத்தை வைத்து அளவைச் சொல்லிவிட முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

வாங்கும் பழக்கத்தை மாற்றுவது ஒரு வழி. விற்பனையையே தடுப்பது இன்னொன்று. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 1998இல் மத்திய அரசு தடை போட்டது, 2000இல் தானே விலக்கியது, 2005இல் மறுபடி கொண்டுவந்தது. இடையில் நடந்த சண்டையில் சிறு உப்பளக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அது அடுத்த வாரம்.