பதிவுகளின் முரணும் குடும்ப வரலாறும்: காக்ஸ் டவுன்

1947 வரை ஆங்கிலேயர் நிருவாகத்திலிருந்த பெங்களூர்த் தண்டுப்பகுதியைச் சேர்ந்தது காக்ஸ் டவுன். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் முன்னோரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வழித் தேட இயலாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியாள் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை எவர்க்கும் வழங்கவில்லை. எஞ்சுவன திருச்சபைப் பதிவேடு, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் முதலியன. இவை தம்முள் முரண்படும்.

பெயர் முரண் பெரும்பாலும் எழுத்தின் விளைவே. இன்றைய கன்னட நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. எனவே ‘பழனி’ ‘பளனி’ ஆகிறது. ஆங்கிலத்தின் வழித் தமிழுக்கு மீளும்போது ‘பலனி’யும் ஆகலாம். எழுத்தரைக் குறைகூறிப் பயனில்லை. தம் எழுத்தில் இயன்றதையே அவர் எழுதினார்.

வயது முரணுக்கு, நடப்பாண்டையும் சேர்த்தெண்ணும் வழக்கமும் 0, 5 என முடியும் எண்களை நாடும் இயல்பும் காரணம். ஆகவே இறப்புப் பதிவின் ‘60’ஐவிட ஞானஸ்நானப் பதிவின் நாளே வலியது. எனினும் தந்தை பெயரும் வேறுபடின் இருவரெனக் கொள்வதே தகும். ஒரே தெருவில் பழனிகள் பலர் வாழ்ந்திருக்கலாம்.