மூங்கில் கழிக்கு மேல்பூச்சா, உள்பிசினா?

புதுச்சேரி கதிர்காமத்தில் ஐப்பசி மழை பிடித்தால் பந்தல் மூங்கிலும் தூண்டில் கழியும் ஈரம் குடிக்கும். ஏன்? செல்சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். வார்னிஷ் வெளியே படலமாக நின்று ஈரம் புகும் வேகத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. கீறல் விழுந்த இடத்தில் அதுவுமில்லை.

தூண்டில் கழி செய்யும் அமெரிக்காவின் ஆர்விஸ் நிறுவனத்தில் வெஸ் ஜோர்டான், பேக்கலைட் வகைப் பிசினை மூங்கிலுக்குள்ளேயே ஏற்றினார். 1950இல் காப்புரிமை கிடைத்தது. பிசின் நார்களுக்கிடையே புகுந்து சூட்டில் இறுகிவிடும். கீறினால் தேய்த்து மெருகேற்றினால் போதும். எடைதான் கூடும், லேசான கழியை விரும்புவோர் அதனால்தான் வார்னிஷை விடுவதில்லை. உப்புக்காற்று அடிக்கும் புதுச்சேரிக்கு என் ஓட்டு பிசினுக்கே.

குளத்தில் மூங்கிலை ஊறப்போடும் நம்மூர் வழக்கம் வேறு கணக்கு: மாவுச்சத்து கரைவதால் துளைக்கும் வண்டுக்குத் தீனி குறையும். ஈரத்தை அது தடுக்காது.