மார்கழி விடுமுறையும் ஒரு கொப்பியும்

"தவணை முடியட்டும், மார்கழி விடுமுறைக்குள் எழுதி முடித்துவிடுவேன்." எழுத்தில் விருப்பமுள்ள ஆசிரியர் எவரையும் கார்த்திகை மாதத்தில் கேட்டுப் பாருங்கள் நேயர்களே, இந்தப் பதில்தான் வரும். தைப்பொங்கல் கழிந்தபின் அதே ஆளிடம் விசாரித்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். கொப்பி விட்ட பக்கத்திலேயே கிடக்கும்.

அவரைக் குறைசொல்ல முடியாது. திருகோணமலையில் மார்கழி எப்படி வருகிறதென்று பாருங்கள். திருவெம்பாவைக்குப் பத்து நாளும் விடியுமுன்னே எழும்ப வேண்டும். நத்தார் வருகிறது, புதுவருடம் வருகிறது, அதன் பின்னால் பொங்கல் வருகிறது. கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் வந்து இறங்குகிறார்கள். அவர்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய் இராவணன் வெட்டைக் காட்ட வேண்டும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அள்ளிக் குளிக்காமல் அவர்கள் திரும்புவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மாதத்தில் எங்கள் கடல் ஓய்வு எடுக்கிறது. வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும், சோளகக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி போட்டிருந்த மீனவர் ஊர் திரும்பிவிடுவார்கள். தெற்கே ஹிக்கடுவையில் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும்போது நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கூட்டம் குறைவு. இங்கே அவர்களின் காலம் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைதான். கடற்கரை அடங்கிக் கிடக்கிறது, வீடு மட்டும் அடங்குவதில்லை.

இந்த இரைச்சலுக்குள் கற்பனைக்கு இடம் எங்கே? நம்மில் பலர் எழுத்துக்கு வேண்டியது நீண்ட, இடையூறில்லாத ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனம் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவாங்கரே தமது அனுபவம் ஒன்றை 1908இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். விடை பிடிபடாத ஒரு கணக்கோடு நாட்கணக்காக மல்லாடியவர், புவியியல் சுற்றுலா ஒன்றிற்குப் புறப்பட்டார். பயண அலைச்சலில் கணக்கு மறந்தேபோயிற்று. கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த கணத்தில், தேடிய உண்மை தானாக வந்து நின்றது. அவர் ஏறி அமர்ந்து, பக்கத்திலிருந்தவரோடு விட்ட பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து சரிபார்த்தார்.

கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் இதை நான்கு படிகளாக வகுத்தார். முதலில் முயன்று தேடுவது, அடுத்து விட்டுவிட்டு இருப்பது, பின்பு பளிச்சென்று தோன்றுவது, கடைசியில் இருந்து செப்பஞ்செய்வது. இரண்டாவது படியை அவர் அடைகாத்தலுக்கு ஒப்பிட்டார். கோழி அடைகாக்கும்போது சும்மா இருப்பதாகத்தான் நமக்குத் தெரியும்.

ஆனால் முட்டை இல்லாமல் அடை கிடந்து பயனில்லை. புவாங்கரே அதையும் அழுத்திச் சொல்லியிருக்கிறார்: முன்னே உழைப்பு இல்லாவிட்டால் பின்னே எதுவும் தோன்றாது. நமது விடுமுறைகள் வெறுமையாகப் போவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். எழுதப் போவது எது என்று தீர்மானிக்காமலே விடுமுறைக்குள் நுழைந்துவிடுகிறோம். கார்த்திகையிலேயே கதையின் முதற்பக்கத்தை எப்படியாவது கிறுக்கி, முடிச்சு விழுந்த இடத்தைக் கண்டுவைத்திருந்தால், கன்னியாவுக்குப் போகும் பஸ்ஸிலும் அந்த முடிச்சு மனதின் அடியில் கிடந்து அவிழும். அவிழும்போது பிடித்துவைக்கச் சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி போதும்.

முன்பு இந்த மாவட்டத்தில் சும்மா இருக்கும் நேரம் கேட்காமலே கிடைத்தது. மூதூரிலிருந்து பட்டினம் வர கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் வருவார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வேறு வேலை இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. சனங்களுக்குப் பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. லோஞ்சில் கிடைத்த அந்த நேரம் மட்டும் போய்விட்டது. மிச்சமிருந்ததைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது.

அந்த மூதூரில்தான் வ. அ. இராசரத்தினம் ஆசிரியராக இருந்து எழுதினார். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. முழுநேர எழுத்தாளராக வாழ எங்கள் நாட்டில் அவருக்கும் வழி இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மிஞ்சியதில்தான் எழுதியாக வேண்டும்.

ந. பாலேஸ்வரியின் பெயரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். திருகோணமலையில் அவரும் ஆசிரியையே. 1966இல் 'சுடர்விளக்கு', எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரமாகப் 'பூஜைக்கு வந்த மலர்' என்று நாவல்கள் தந்தார். ஓர் ஆண் எழுத்தாளரின் விடுமுறையும் ஒரு பெண் எழுத்தாளரின் விடுமுறையும் ஒன்றல்ல. பயற்றம் பணியாரத்துக்கு மா வறுப்பதும், வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதும், நித்திரை கொள்ளாத குழந்தையைத் தூக்கித் திரிவதும் அவளுடைய பங்குக்கே வந்து சேர்கின்றன. ஆகவே, "நேரத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்" என்று அவளுக்குப் புத்தி சொல்வதில் அர்த்தமில்லை. அவள் எழுத வேண்டுமானால், பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் அடுப்படியை வேறொருவர் பார்க்க வேண்டும். வீட்டில் அதைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கேளாமலே எழும்பிப்போய் அகப்பையை வாங்கிக்கொள்ளும் தம்பியோ கணவனோ இருந்தால் நல்லது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கரையோரத்தில் இந்தக் காலம் வெறும் கொண்டாட்டக் காலம் அல்ல. 2004 மார்கழி 26, நத்தாருக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைகள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள், அன்றைய பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். அந்தக் காலையைக் கண்டவர்கள் பல வீடுகளில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருப்பது வருடத்தில் இந்தச் சில நாட்களில் மட்டுந்தான்.

இராச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது, "அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்று தொடங்குவார்கள். தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டுக் கேளுங்கள். எந்த ஒழுங்கையால் ஓடினார்கள், கையில் என்ன இருந்தது, அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது, யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கதையாக்க அவசரப்பட வேண்டாம். அவர்கள் சொன்ன சொல்லிலேயே, படுக்கப்போகுமுன் அரைப் பக்கம் எழுதி, திகதியைப் போட்டு வையுங்கள்.