மூச்சை அறிந்து ஓடுவோம்

விடியற்காலையில் நம் கிராமங்களின் வழியே செல்வோர் இந்நாளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஏர் பூட்டிச் செல்லும் மாடுகள் அருகிவிட்டன. சாலையோரம் ஓடிப் பழகும் இளைஞர்கள் பெருகிவிட்டனர். செஞ்சியை அடுத்த தளவானூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் குகைக்கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒருநாள் நாமும் அதைக் கண்டோம். ஓடியவர்களுள் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். காவலர் பணித் தேர்வே அவர்களுடைய நோக்கம்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்திவரும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுகளில், ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டர் தொலைவை 2 நிமிடம் 30 வினாடிகளிலும் ஓடி முடித்தல் வேண்டும். எழுத்துத் தேர்வில் வென்றும், சில வினாடிகளில் இந்த ஓட்டத்தில் தவறியவர்கள் உண்டு. அத்தகைய இளைஞர் ஒருவரை அன்று சந்தித்தோம். "கால் வலிக்கவில்லை ஐயா, இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டிவிட்டது" என்றார். ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அந்த மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

மூச்சு முட்டுவது ஏன்?

ஓய்வாக அமர்ந்திருக்கும்போது நாம் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. ஓடும்போது தசைகள் மிகுதியான பிராணவாயுவைச் செலவிட்டு, மிகுதியான கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. இரத்தத்தில் கரியமிலவாயு சற்றே உயர்ந்தாலும் மூளை அதனை உணர்ந்து, மூச்சை விரைவுபடுத்தக் கட்டளையிடுகிறது. உடல் தாங்கும் வேகத்தை மீறிப் பாய்ந்தால், எவ்வளவு விரைந்து மூச்சு விட்டாலும் போதாது, இளைப்பு உண்டாகிறது. ஆதலின் இளைப்பிற்கு முதற்காரணம் நுரையீரலின் பலவீனம் அன்று. தொடக்கத்திலேயே காட்டும் அளவுகடந்த வேகமே ஆகும்.

சடுகுடு ஆடிப் பழகிய நம் இளைஞர்கள் மூச்சை அடக்குவதே வலிமை என்று எண்ணுவது இயல்பு. பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் சென்று திரும்ப வேண்டியது அந்த ஆட்டத்தின் விதி. ஓட்டத்திற்கு அது பொருந்தாது. இங்கே மூச்சை அடக்குதல் கூடாது, ஒழுங்குபடுத்துதலே வேண்டும்.

ஏற்றம் இறைத்தவர்கள் காட்டிய வழி

ஏற்றம் இறைத்த காலத்தை நினைவிற்கொண்டுள்ள பெரியோர் ஊராட்சிகளில் இன்னும் இருக்கக்கூடும். இறைப்பவர் பாடிக்கொண்டே இறைப்பார். பாட்டு, வேலையையும் மூச்சையும் ஒரே தாளத்தில் கட்டியது. பாட முடியாத அளவிற்கு இளைத்தால், கை தானே வேகத்தைக் குறைத்தது. ஓடப் பழகுவோருக்கும் இதுவே நல்ல அளவுகோல். உடன் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு சொற்களுக்கே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது தாளம். பாய்ந்தோடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கட்டுக்குள் இருக்கிறது. மனிதனுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. பிராம்பிள், கேரியர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1983-ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். மனிதன் தன் மூச்சைப் பலவகையாக அடிகளோடு இணைக்க வல்லவன். இரண்டு அடிக்கு உள்மூச்சு, இரண்டு அடிக்கு வெளிமூச்சு என்பது பலருக்கும் இயல்பாக அமைகிறது. மெதுவாக ஓடும்போது மூன்று அடிக்கு ஒன்றாகவும் வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை உடலுக்கு உகந்ததாக இருக்க வேண்டுமேயன்றி, உடலை எண்ணிக்கைக்காக வருத்துதல் ஆகாது.

மூச்சு விடும்போது மார்பு மட்டும் எழுந்தால் போதாது. வயிறும் சற்று விரிய வேண்டும். மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் கையை வைத்து, கை எழுந்து தாழுமாறு சில நிமிடங்கள் பழகினால் இது எளிதில் கைவரும். வேகம் கூடும்போது மூக்கோடு வாயாலும் மூச்சு வாங்கலாம், அதில் தவறில்லை.

பழகும் முறை

புதிதாகத் தொடங்குவோர் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறி 20 நிமிடங்கள் செய்யலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி, நடையைக் குறைக்கலாம். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 வினாடி கிடைக்கிறது. முதற்சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டுக் கடைசிச் சுற்றில் தள்ளாடுவதைவிட, எல்லாச் சுற்றையும் ஒரே சீராக ஓடுவது அறிவுடைமை. நடுத்தர வயதினர் நடையிலிருந்து தொடங்குக. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூச்சில் விசில் போன்ற ஒலி ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும்.

ஊராட்சியின் கடமை

2024-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கப்பட்டன. ஓட்டத்திற்கோ கருவி தேவையில்லை. பாதுகாப்பான இடமே தேவை. இருளில் பேருந்துச் சாலையில் ஓடும் பிள்ளைகளைக் கண்டு நாம் வாளாவிருத்தல் கூடாது. ஏரிக்கரையின் சமமான பகுதியில் முள்ளை வெட்டி, 200 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு இட்டால் போதும். போய்த் திரும்பினால் 400 மீட்டர் ஆகிவிடும். பெண்பிள்ளைகளும் அச்சமின்றிப் பழகும்படி ஒரு விளக்கு அமைக்கலாம். அருகில் குப்பை எரிப்பதைத் தடுக்க வேண்டும். புகையை உள்ளிழுத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்வதில் பயனில்லை. அடுத்த கிராம சபையில் இதனைப் பேசி முடிவு செய்யலாம்.

நாம் சந்தித்த அந்த இளைஞர் முதற்சுற்றின் வேகத்தைக் குறைத்துப் பழகிவருகிறார். சில வாரங்களுக்குப்பின் நம் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது 6 நிமிடம் 50 வினாடியில் ஓடி முடித்தார். முடித்ததும் நின்று நம்மோடு பேசவும் செய்தார். உண்மையான தேர்வு இனிமேல்தான் வரவிருக்கிறது. அதுவரை அவர் ஓடிப் பழக 200 மீட்டர் நல்ல மண்வழியை அமைத்துத் தருவது நம் கையில் இருக்கிறது.